தனித்தொகுதி கேட்காமலே வாங்கியவர்கள்

வெள்ளைக்காரன் காலத்துத் தனித்தொகுதி, அதாவது ஒரு பிரிவினர் மட்டுமே ஓட்டுப் போட்டு ஆளை அனுப்பும் தொகுதி, என்றதும் எல்லாரும் நேராக 1909 சட்டத்துக்குப் போய் முஸ்லிம் தொகுதியில் நின்றுவிடுகிறார்கள். அது சரியில்லை. அதற்கு முன்பே சென்னை சட்டசபையில் ஐரோப்பிய வியாபாரிகளின் சங்கத்துக்கென்று ஓர் இடம் இருந்தது.

1861 சட்டப்படி சட்டசபைக்குக் கவர்னர் தமக்குப் பிடித்தவரை நியமிப்பார். 1863-ல் உள்ளே போன கஜுலு லட்சுமிநரசு செட்டியும் வியாபாரிதான், ஆனால் தனி மனிதராகப் போனார். அவருக்குப் பின்னால் சேம்பர் என்கிற வியாபாரிகள் சங்கம் எதுவும் இல்லை. 1892 சட்டம்தான் வழியை மாற்றியது. அதில் 'தேர்தல்' என்ற சொல்லே கிடையாது. மாநகராட்சி, பல்கலைக்கழகம், ஐரோப்பிய வியாபாரிகளின் மெட்ராஸ் சேம்பர் ஆஃப் காமர்ஸ் போன்ற அமைப்புகள் ஒரு பெயரைச் 'சிபாரிசு' செய்யும், கவர்னர் அவரை நியமிப்பார். பெயருக்கு நியமனம், நடைமுறையில் தேர்தல். 1909-ல் அதை வெளிப்படையாகவே தேர்தல் ஆக்கினார்கள்.

கவனிக்க வேண்டியது வாக்காளர் பட்டியலை. அரசு ஊர் ஊராகப் போய் வியாபாரிகளைக் கணக்கெடுக்கவில்லை. அங்கீகரித்த சங்கத்தின் உறுப்பினர் பட்டியல்தான் வாக்காளர் பட்டியல். யாரை உறுப்பினராகச் சேர்ப்பது என்பது சங்கத்தின் இஷ்டம். கொத்தவால்சாவடி மண்டிக்காரர் எவ்வளவு வரி கட்டினாலும் அந்தப் பட்டியலில் பெயர் இல்லையென்றால் இந்த ஓட்டு இல்லை. மெட்ராஸ் சேம்பர் 1836-லேயே தொடங்கியது. இந்திய வியாபாரிகள் பிட்டி தியாகராய செட்டியைத் தலைவராக வைத்துத் தென்னிந்திய வர்த்தக சபையைத் தொடங்கியது 1909-ல். இடம் கிடைக்க 1919 சட்டம் வரவேண்டியிருந்தது.

அப்போதும் பங்கீட்டைப் பாருங்கள். தேர்ந்தெடுக்கப்படும் 98 இடங்களில் வர்த்தகத்துக்கு 5: மெட்ராஸ் சேம்பருக்கு 2, ஐரோப்பியக் கடைக்காரர்களின் டிரேட்ஸ் அசோசியேஷனுக்கு 1, தென்னிந்திய வர்த்தக சபைக்கு 1, நாட்டுக்கோட்டை நகரத்தார் சங்கத்துக்கு 1. தோட்ட முதலாளிகளுக்குத் தனியாக 1, ஐரோப்பியர் என்ற பெயரில் இன்னொன்று. மாகாணத்தின் வாக்காளர்கள் 12 லட்சத்துக்கு மேல். விரல்விட்டு எண்ணக்கூடிய கம்பெனிகள் சேர்ந்த ஒரு சேம்பருக்கு அதில் 2 இடம்! வங்காளம் இன்னும் மோசம். வர்த்தக இடங்கள் 15-ல் 11 ஐரோப்பியருக்கு.

தொழிலாளிக்கு என்ன கிடைத்தது என்பதுதான் எனக்கு ஆறவே ஆறாத விஷயம். 1920 தேர்தலில் தொழிலாளர் தொகுதி என்று ஒன்றுகூட இல்லை. மில் முதலாளிக்குச் சேம்பர் வழியாக ஓட்டு, மில்லில் நூல் நூற்றவனுக்கு ஒன்றுமில்லை. 1935 சட்டம் வந்த பிறகுதான் சென்னை சட்டசபையின் 215 இடங்களில் தொழிலாளருக்கு 6 ஒதுக்கினார்கள். வர்த்தகம், தொழில், தோட்டம் எல்லாம் சேர்த்து முதலாளிகளுக்கும் அதே 6. ஆள் கணக்கில் ஒரு பக்கம் லட்சக்கணக்கு, இன்னொரு பக்கம் ஒரு ஹாலில் அடங்கும் கூட்டம். இதைச் சமம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நம் அரசியல் சட்டம் இந்த வர்த்தகத் தொகுதியைத் தொடரவில்லை. மேலவையில் பட்டதாரிக்கும் ஆசிரியருக்கும் இடம் வைத்தார்கள், சேம்பருக்கு வைக்கவில்லை. ஆனால் வெள்ளைக்காரன் ஆண்ட ஹாங்காங்கில் 1884-ல் வர்த்தக சபைக்குச் சட்டசபைக்கு ஓர் உறுப்பினரை முன்மொழியும் உரிமை கிடைத்தது. ஆட்சி சீனாவுக்குக் கைமாறிய பிறகும் அந்தச் சபைக்கு அங்கே தனித்தொகுதி இருக்கிறது.