அல்பேனியாவின் பங்கர்களும் கேட்பாரற்ற ஸ்பாச் சிறையும்

அல்பேனியாவுக்குச் சென்று வருபவர்கள் இடும் படங்களில் கடலும் மலையும் இருக்கின்றனவோ இல்லையோ, காளான் குடையைப் போல மண்ணிலிருந்து தலைநீட்டும் ஒரு கான்கிரீட் பதுங்கு குழி கட்டாயம் இருக்கிறது. அதே வடிவில் சிகரெட் சாம்பல் கிண்ணம் செய்து நினைவுப்பொருளாகவும் விற்கிறார்கள். இந்தப் பங்கர்களைச் சுற்றுலாத் தலமாக்கியதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் எதை முதலில் காப்பாற்றுவது என்ற வரிசையில் அந்நாடு தவறிவிட்டது என்றே கருதுகிறேன்.

அல்பேனியாவின் கம்யூனிச ஆட்சியாளர் என்வர் ஹோஜா 1961-இல் சோவியத் யூனியனோடு முறித்துக்கொண்டார். செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் சோவியத் டாங்கிகள் புகுந்த 1968-இல், சோவியத் தலைமையிலான இராணுவக் கூட்டணியான வார்சா ஒப்பந்தத்திலிருந்து விலகினார். 1978-இல் சீனாவின் உதவியும் நின்றுபோனது. எல்லாத் திசைகளிலிருந்தும் படையெடுப்பு வரும் என்ற அச்சத்தில், ஏறத்தாழ 30 லட்சம் பேர் வாழ்ந்த நாட்டில், வீட்டுப் பற்றாக்குறையையும் பொருட்படுத்தாமல், சுமார் 1,73,000 பங்கர்கள் கட்டப்பட்டதாகக் கணக்குச் சொல்லப்படுகிறது. சராசரியாகப் பார்த்தால் சதுர கிலோமீட்டருக்கு ஆறு. எந்தப் படையும் வரவில்லை. அவற்றை வடிவமைத்த பொறியாளர் யோசிஃப் ஸகாலியே, நாசவேலை செய்தார் என்ற குற்றச்சாட்டில் சிறைக்குப் போனார் என்பதைவிட அந்த ஆட்சியைப் பற்றி வேறென்ன சொல்வது?

இவற்றை இடித்துத் தள்ளுவது நடைமுறையில் எளிதன்று. உள்ளிருக்கும் இரும்புக்காகச் சிலவற்றை மக்களே உடைத்தெடுத்தார்கள், மற்றவை அப்படியே கிடந்தன. அந்நிலையில், டைட்டி மலையடிவாரத்தில் ஹோஜாவுக்கும் அமைச்சர்களுக்கும் கட்டப்பட்ட, ஐந்து தளங்களும் 106 அறைகளும் கொண்ட நிலத்தடிப் பங்கரை 2014-இல் 'பங்க்ஆர்ட்' என்ற அருங்காட்சியகமாகத் திறந்தது நல்ல முடிவு. தலைநகர் டிரானாவின் மையத்தில் உள்துறை அமைச்சகத்துக்காகக் கட்டப்பட்ட பங்கர் 2016-இல் திறக்கப்பட்டபோது, அதை சிகுரிமி என்னும் இரகசியக் காவல்துறையின் கொடுமைகளைச் சொல்லும் இடமாகவே அமைத்தார்கள். ஆனால் அதன் நுழைவாயிலுக்கென்று புதிதாக ஒரு பங்கர் குவிமாடத்தை நகர நடுவில் எழுப்பியது தேவையற்ற வேலை. 2015 டிசம்பரில் எதிர்க்கட்சியினரின் போராட்டத்தின்போது அதை அடித்து நொறுக்கினார்கள். வன்முறையை நான் ஆதரிக்கவில்லை. எனினும், பழைய பங்கர்களே இத்தனை கிடக்கும் நாட்டில் பார்வையாளர்களுக்காக இன்னொன்றைக் கட்டியதால் எழுந்த எரிச்சல் எனக்குப் புரிகிறது.

நான் சொல்லவந்த வரிசைப் பிழை இங்கேதான் இருக்கிறது. பங்கர் என்பது ஆட்சியாளரின் அச்சம் விட்டுச்சென்ற சின்னம். அந்த அச்சத்துக்குப் பலியானவர்களின் இடம் ஸ்பாச். நாட்டின் வடக்கே, மிர்தீத்தா மலைப்பகுதியில், 1968-இல் தொடங்கப்பட்ட அந்த முகாமில் அரசியல் கைதிகள் செம்புச் சுரங்கத்தில் கட்டாய வேலை செய்தார்கள். 1973 மே மாதத்தில் அவர்கள் கிளர்ந்தெழுந்து, கம்யூனிச நட்சத்திரம் இல்லாத அல்பேனியக் கொடியை ஏற்றினார்கள். நான்கு பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அப்படிப்பட்ட இடம், ஆட்சி மாறிக் கால் நூற்றாண்டு கழிந்த பின்னும் கதவும் சன்னலும் பெயர்க்கப்பட்டுக் கூரை சரிந்து கிடந்தது. ஆபத்திலுள்ள மரபிடங்களைப் பட்டியலிடும் உலக நினைவுச்சின்ன நிதியம், 2016-ஆம் ஆண்டுக்கான தன் கண்காணிப்புப் பட்டியலில் அதைச் சேர்க்கவேண்டி வந்தது. தலைநகரில் பங்கருக்கு வண்ணம் பூசி விளக்குப் போட்டதும் அதே ஆண்டில்தான்.

வேறு வழியும் இருந்தது. பதினேழு ஆண்டுகள் சிறையிருந்த எழுத்தாளர் ஃபாடோஸ் லுபோன்யா, ஓவியர் ஆர்டியன் இசுஃபியுடன் சேர்ந்து 2013-இல் டிரானாவில் அமைத்த 'போஸ்ட்பிளோக்' நினைவிடத்தில் ஒரு சிறு பங்கர், பெர்லின் சுவரின் ஒரு துண்டு, ஸ்பாச் சுரங்கத்தின் தாங்குதூண்கள் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. கட்டணமும் இல்லை, குவிமாடமும் இல்லை. சுரங்கத்துக்குள் நின்றவரே தேர்ந்தெடுத்து வைத்ததால், அங்கே பங்கர் வேடிக்கைப் பொருளாகாமல் ஒரு குற்றத்தின் சாட்சிப் பொருளாகத் தெரிகிறது.

பங்க்ஆர்ட் நுழைவுக் கட்டணத்தில் ஒரு நிலையான பங்கை ஸ்பாச்சுக்கென ஒதுக்க வேண்டும். எஞ்சியிருக்கும் சுவர்களைத் தாங்கி நிறுத்தவும், தலைநகரிலிருந்து பேருந்து விடவும், முன்னாள் கைதிகளுக்கு ஊதியம் கொடுத்து வழிகாட்டிகளாக அமர்த்தவும் அந்தப் பணம் போக வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் அவசரம். இருபது வயதில் அந்தக் கிளர்ச்சியில் நின்றவர்களுக்கு இப்போது எழுபது கடந்துவிட்டது.