அட்சதை யார் தலையில் விழுகிறது?

சென்ற ஞாயிற்றுக்கிழமை பட்டர்வொர்த்தில் ஒரு திருமணம். கெட்டிமேளம் முழங்கியதும் எல்லாரையும் போல நானும் எழுந்து அட்சதையைத் தூவினேன். அதில் ஒரு மணி அரிசிகூட மணமக்கள் மீது விழுந்திருக்காது. காணொளி எடுத்துக்கொண்டிருந்த தம்பியின் முதுகிலும், அவரை ஒட்டிக் கைப்பேசியை உயர்த்திப் பிடித்திருந்த மாப்பிள்ளையின் நண்பர்கள் தலையிலும்தான் விழுந்தது. பிறகு பந்தியில் அந்தத் தம்பி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது, அவருடைய சட்டைக் காலரில் இரண்டு மஞ்சள் அரிசி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. பாயசம் தீர்ந்துபோன பிறகு சாப்பிட வந்த அவரிடம் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் சொல்ல வேண்டியது இருக்கிறது.

திருமணங்களில் கேமரா பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், சம்பளத்துக்கு வந்தவரின் வேலையை விருந்தாளிகள் கெடுக்கிறார்கள் என்று ஒரு தரப்பும், எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் நாங்கள் படம் எடுக்கக்கூடாதா என்று மறு தரப்பும் மல்லுக்கு நிற்கின்றன. இருபது ஆண்டுகளாகப் பொழுதுபோக்காகப் படம் எடுத்து வருபவன், உறவினர் வீடுகளுக்குக் கேமராவோடு போய்ப் பழகியவன் என்ற முறையில், என் பக்கத்துத் தவற்றை முதலில் ஒப்புக்கொள்கிறேன்.

2011-இல் என் அக்காள் முறையான ஒருவரின் மகளுக்கு ஜார்ஜ் டவுனில் ஒரு கோயிலில் திருமணம். நான் புதிதாக வாங்கிய பெரிய பிளாஷைக் கேமராவின் மேல் மாட்டிக்கொண்டு, மணவறைக்கு நான்கடி தூரத்தில் இடம் பிடித்துவிட்டேன். வேலைக்கு அமர்த்தப்பட்டிருந்த புகைப்படக்காரர் தூணோரமாக ஒரு தாங்கியில் இன்னொரு பிளாஷை நிறுத்தியிருந்தார். வேறொரு பிளாஷின் வெளிச்சம் பட்டால் தானும் சேர்ந்து மின்னுகிற வகை அது. வந்த வெளிச்சம் முதலாளியுடையதா, விருந்தாளியுடையதா என்று அதற்குத் தெரியாது. தாலி கட்டும் நேரத்தில் நான் அமுக்கிய ஒவ்வொரு முறையும் அது எனக்காக மின்னித் தீர்ந்தது. முழு வலுவில் ஒருமுறை மின்னினால் அது மறுபடி தயாராக இரண்டு மூன்று நொடி பிடிக்கும். மூன்று முடிச்சு விழவும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான்.

இரண்டு மாதம் கழித்து ஆல்பத்தைப் புரட்டியபோது தாலி கட்டும் பக்கத்தில் மாப்பிள்ளையின் பாதி முகம் நிழலில் கிடந்தது. அடுத்த படத்தில் அவர் கேமராவின் ஷட்டர் திறந்த அதே கணத்தில் என் பிளாஷும் மின்னியதால் பெண்ணின் நெற்றியும் கன்னமும் வெளுத்துப் போயிருந்தன. இரண்டு படங்களின் ஓரத்திலும் கைக்கடிகாரம் கட்டிய ஒரு முழங்கை தெரிந்தது. அது என் முழங்கை. அக்காள் ஒன்றும் சொல்லவில்லை. ஆறு மாதம் கழித்து வேறொரு திருமணத்தில் அதே புகைப்படக்காரரைப் பார்த்தபோது அவர் சிரித்துக்கொண்டே, "அண்ணே, தாலி கட்டுறப்ப மட்டும் அந்த பிளாஷ அணைச்சிடுங்க" என்றார். அவ்வளவுதான். அவருக்குக் கோபப்பட எல்லா உரிமையும் இருந்தது.

இப்போது பெரும்பாலோர் தங்கள் பிளாஷை ரேடியோ அலையால் இயக்குவதால், அடுத்தவர் வெளிச்சத்துக்கு அது மின்னித் தீர்ந்துபோகும் முதல் கோளாறு குறைந்துவிட்டது, அடுத்தவர் வெளிச்சம் படத்தையே வெளுக்க வைக்கும் இரண்டாவது குறையவில்லை. ஷட்டர் நொடியில் நூற்றில் ஒரு பங்குதானே திறந்திருக்கிறது, என் பிளாஷ் அதற்குள் போய் விழவா போகிறது என்று கேட்பவர்கள், நாற்பது பேரும் அமுக்குவது நாள் முழுதும் பரவலாக அல்ல, அந்த மூன்று நொடிக்குள்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள். ஆகவே விருந்தாளிகளிடம் நான் கேட்பது மிகச் சிறியது. நலங்கு முதல் விருந்து வரை எவ்வளவு வேண்டுமானாலும் எடுங்கள். மாங்கல்யம் தட்டில் வைத்து ஆசி வாங்கச் சபையைச் சுற்றி வந்த பிறகு, முடிச்சு விழுந்து முடியும் வரை, உங்கள் நாற்காலியிலேயே இருங்கள், பிளாஷை அணைத்துவிடுங்கள்.

இனி சம்பளத்துக்கு வருகிறவர்கள் பக்கத்துத் தவறு. 1994-இல் எங்கள் திருமணத்துக்குப் படம் எடுக்க வந்தவர் ஒரே ஆள். மூன்று பிலிம் சுருள் கொண்டுவந்தார். சுருளுக்கு 36 என்று மொத்தம் 108 படம், அர்ச்சனைக் கணக்கு. ஒவ்வொன்றும் காசு என்பதால் அவர் ஓரமாக நின்று காத்திருந்து, தேவையானபோது மட்டும் முன்னால் வந்து அமுக்கிவிட்டுப் பின்வாங்கினார். இன்றைக்கு வரும் குழுவில் படத்துக்கு இருவர், காணொளிக்கு இருவர், விளக்குப் பிடிக்க ஒருவர். இந்த ஐவரும் மணவறையின் முன் வரிசைகட்டி நின்றால் அது ஒரு சுவர். விருந்தாளி மறைப்பது சில நொடிக்கு. இவர்கள் மறைப்பது கணபதி பூசையிலிருந்து சப்தபதி வரைக்கும். அதிலும் சிலர், "ஐயரே, தாலிய இன்னொரு தடவ தூக்கிக் காட்டுங்க" என்று கேட்பதை நான் காதால் கேட்டிருக்கிறேன். பஞ்சாங்கத்தைப் புரட்டி நிமிடக் கணக்கில் முகூர்த்தம் குறித்துவிட்டு, கடைசியில் அதை லென்ஸ் மாற்றுகிறவருக்காகக் காக்க வைக்கிறோம்.

முன்வரிசையில் அமர்ந்திருப்பவர்கள் பாட்டிகளும் தாத்தாக்களும். அவர்கள் ஈப்போவிலிருந்தும் சுங்கைப்பட்டாணியிலிருந்தும் விடியற்காலையில் கிளம்பி வந்தது அந்த ஒரு காட்சியைக் கண்ணால் பார்க்கத்தான். நம் முறைப்படி சபையோர் சாட்சிகள். அட்சதை அவர்கள் கையால் வரும் ஆசி. கூலிக்கு வந்த கேமராவும் ஆசைக்கு வந்த கேமராவும் முதலில் வழிவிட வேண்டியது இந்தக் கண்களுக்குத்தான். யார் யாரை மறைத்தார்கள் என்று இரண்டு கேமராக்களும் சண்டை போடுவது எனக்கு இரண்டாம்பட்சம்.

"நாங்கள் எடுக்கும்போது வேறு யாரும் எடுக்கக்கூடாது, காப்பிரைட் எங்களுடையது" என்று விருந்தாளிகளை விரட்டுகிறவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 26-ஆம் பிரிவின்படி, ஒருவர் சொல்லி எடுக்கப்பட்ட படங்களின் உரிமை, வேறு உடன்பாடு செய்துகொள்ளாதவரை, எடுக்கச் சொன்னவருக்கே போகிறது. அதாவது பல ஆயிரம் வெள்ளி கொடுத்த கல்யாண வீட்டுக்கு. சித்தப்பா தன் கைப்பேசியில் எடுத்த படம் சித்தப்பாவுடையது. புகைப்படக் கலைஞருக்கு உண்மையில் வேண்டியது இடமும் வெளிச்சமும். அவற்றைச் சட்டத்தின் பெயரால் அதட்டிக் கேட்பதைவிட வாய்விட்டுக் கேட்டால் எளிதில் கிடைக்கும்.

குடும்பப் படம் எடுக்கும்போது நடப்பது வேறு வகைத் தொல்லை. கலைஞர் பதினைந்து பேரை நிறுத்தி, குழந்தையைச் சமாளித்து, எண்ணத் தொடங்கும்போது அவருக்குப் பின்னால் ஆறு கைப்பேசிகள் எழும்புகின்றன. ஆளுக்கொரு பக்கம் பார்க்கிறார்கள். பெரியப்பாவின் கண் மட்டும் தன் பேரன் கையிலிருக்கும் கைப்பேசியில். கெட்டிக்காரக் கலைஞர்கள், "முதல்ல எனக்கு, அப்புறம் உங்களுக்கு அஞ்சு செகண்ட்" என்று சொல்லித் தாங்களே ஒதுங்கி நின்று கொடுப்பதைக் கண்டிருக்கிறேன். அதற்குமேல் அங்கே யாரும் இடித்துக்கொள்வதில்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் பதிவேற்றுவதற்கு முன் தாலிப் படத்தை முகநூலில் போடுகிறவர்களைப் பற்றி எழுதத் தொடங்கினால் இன்று முடியாது.

அடுத்த மாதம் என் தங்கை மகன் திருமணம். போன வாரம் புகைப்படக்காரரோடு மண்டபத்துக்குப் போய் வந்தோம். என் அத்தைக்கு வயது 84, இடது கண்ணில் பார்வை குறைவு. அவர் நாற்காலியை எங்கே போடப் போகிறோம் என்பதை முதலில் காட்டினோம். கலைஞர் அங்கே போய் உட்கார்ந்து பார்த்தார். பிறகு எழுந்து, காணொளிக்காரரை மணவறையின் பின்பக்கத் தூணுக்கு அனுப்பிவிட்டு, தான் தரையில் உட்கார்ந்தே எடுத்துவிடுவதாகச் சொன்னார். என் பிளாஷ் எங்கே என்று மருமகன் கேட்கிறான், கொண்டுவருகிறேனா என்று. பேட்டரியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன்.