முற்றத்தைக் கார்களுக்குக் கொடுத்துவிடாதீர்கள்

கூட்டுறவு அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பொதுக்குழுக் கூட்டம் ஏன் சண்டையில் முடிகிறது என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். செயலாளர் சரியில்லை, கணக்கு சரியில்லை, கூட்டத்துக்கு யாரும் வருவதில்லை. எனக்குத் தோன்றுவது வேறு. வருஷம் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க இடமே கொடுக்காமல், ஒரு நாள் மட்டும் ஹாலில் உட்காரவைத்துப் பணத்தைப் பற்றிப் பேசச் சொன்னால் சண்டைதான் வரும்.

கூட்டுறவுச் சங்கத்தில் பெரிய வீடானாலும் சின்ன வீடானாலும் உறுப்பினருக்கு ஒரு ஓட்டுதான். லிஃப்ட்டை மாற்றுவதா, பராமரிப்புக் கட்டணத்தை ஏற்றுவதா, எல்லாவற்றையும் மற்றவர்களோடு சேர்ந்தே முடிவெடுக்க வேண்டும். அதற்குக் கொஞ்சமாவது நம்பிக்கை வேண்டும். அது லிஃப்ட்டுக்குள் வளராது. கீழே, கட்டடங்களுக்கு நடுவில் இருக்கும் திறந்த முற்றத்தில்தான் வளரும். அந்த முற்றத்தைத்தான் இப்போது கார் நிறுத்தக் கேட்கிறார்கள்.

இது வெறும் ஆசைப் பேச்சு இல்லை. அமெரிக்காவில் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்கேட் மாணவர் குடியிருப்பில் ஃபெஸ்டிங்கர், ஷாக்டர், பேக் என்ற மூன்று ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வு 1950இல் வெளியானது. வீடுகள் சிறு சிறு முற்றங்களைச் சுற்றி இருந்தன. யாருக்கு யார் நண்பர் என்பதை வீட்டு வாசல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதும் பெரிய அளவில் தீர்மானித்தது. முற்றத்துக்கு முதுகைக் காட்டி, தெருவைப் பார்த்திருந்த ஓரத்து வீட்டுக்காரர்களுக்கு நண்பர்கள் குறைவு. எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது இன்னொன்று. குடியிருப்போர் சங்கத்தைப் பற்றி ஒரே முற்றத்தைச் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி நினைத்தார்கள். அதாவது, சங்கத்தைப் பற்றிய கருத்தே முற்றத்தில்தான் உருவானது!

எங்கள் பிளாக் படிக்கட்டுக்கு எதிரே ஒரு பெஞ்ச் இருக்கிறது. மாலையில் ஒரு பையனுடைய சைக்கிள் செயின் கழன்றுவிடும். பெஞ்ச்சில் இருக்கும் பெரியவர் குனிந்து, பெடலைப் பின்பக்கமாகச் சுற்றி, கையெல்லாம் கிரீஸாக அதை மாட்டிவிடுவார். பையனின் அம்மா மேலிருந்து எட்டிப் பார்த்து "தேங்க்ஸ் சார்" என்பார். அவ்வளவுதான். ஆனால் பம்ப் மாற்றக் கூடுதல் பணம் வேண்டும் என்று அந்தப் பெரியவர் கூட்டத்தில் எழுந்து சொன்னால், அந்த அம்மா காதுகொடுத்துக் கேட்பார். அதே பெஞ்ச் சுற்றுச்சுவர் ஓரமாக, யாரும் போகாத மூலையில் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. இடம் எவ்வளவு என்பதைவிட அது எங்கே இருக்கிறது, யார் கண்ணில் படுகிறது என்பது முக்கியம்.

நிழலும் முக்கியம். சிகாகோவின் அரசுக் குடியிருப்புகளில் ஃபிரான்சிஸ் குவோ, வில்லியம் சல்லிவன் குழுவினர் 1990களில் செய்த ஆய்வுகளில், மரமும் புல்லும் இருந்த பொது இடங்களை மக்கள் அதிகம் பயன்படுத்தினார்கள். அக்கம்பக்கத்தோடு அவர்களுக்கு இருந்த உறவும் நெருக்கமாக இருந்தது. மரம் வெட்டத் தீர்மானம் வரும்போது இதையும் யோசிக்க வேண்டும்.

சரி, சத்தம்? பந்து பட்டு உடையும் கண்ணாடி? தொந்தரவுதான், மறுக்கவில்லை. அதற்காக "விளையாடக் கூடாது" என்று போர்டு மாட்டுவது தீர்வாகாது. பொது வளங்களைப் பற்றி ஆராய்ந்து 2009இல் பொருளாதார நோபல் பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம், பயன்படுத்துகிறவர்களே விதிகளை வகுப்பதில் பங்கெடுத்த இடங்களில் பொதுச் சொத்து நீடித்து நிற்பதைக் காட்டினார். பிள்ளைகளையும் உட்காரவைத்து நேரம் பேசி முடிவுசெய்யலாம். தூங்கும் குழந்தை எந்த வீட்டில் இருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

இடமே இல்லை என்பவர்கள் சூரிச் நகரின் கால்க்பிரைட்டே கூட்டுறவுக் குடியிருப்பைப் பார்க்கலாம். 2014இல் குடியேறினார்கள். கீழே டிராம் நிறுத்திவைக்கும் கூடம், அதன் கூரைமேல் முற்றம். வெளியாட்களும் வந்து உட்காரலாம். கார் வைத்துக்கொள்வதில்லை என்று ஒப்புக்கொண்டுதான் குடியிருக்கிறார்கள். எல்லோராலும் அது முடியாது, தெரியும். ஆனால் இரண்டாவது காருக்கும் முற்றத்தில் இடம் கேட்பது நியாயமா?

அடுத்த பொதுக்குழுவில் பார்க்கிங் தீர்மானம் வந்தால் எதிர்த்து ஓட்டுப் போடுவேன். கூடவே, மூலையில் கிடக்கும் இரண்டு பெஞ்ச்களைப் படிக்கட்டுப் பக்கம் நகர்த்தச் சொல்லி ஒரு தீர்மானம் எழுதிக் கொடுக்கப்போகிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.