தேவநாதன்களுக்கு ஒரு வேண்டுகோள்

திருவந்திபுரம் தேவநாதப் பெருமாள் புண்ணியத்தில் கடலூர்ப் பக்கம் தேவநாதன்களுக்குப் பஞ்சமே இல்லை. ஊர் அவர்களைத் தொழிலை வைத்துத்தான் பிரிக்கிறது: லைன்மேன் தேவநாதன், பெயின்டர் தேவநாதன், ஜவுளிக்கடை தேவநாதன். தொழிலும் ஒன்றாகிவிட்டால் ஓ.டி. (கடலூர் முதுநகர்) பெயின்டர், மஞ்சக்குப்பம் பெயின்டர். நல்ல ஏற்பாடு. சட்டமும் இதை ஏற்கிறது. ஒரே பெயரில் இருவர் தேர்தலில் நின்றால், தொழிலையோ ஊரையோ சேர்த்து வேறுபடுத்திக் காட்ட வேண்டும் என்கின்றன 1961 தேர்தல் நடத்தும் விதிகள். 2015இலிருந்து வாக்குச்சீட்டில் வேட்பாளர் படமும் சேர்ந்துகொண்டது.

ஆனால் பேங்கிலும் பத்திர ஆபீஸிலும் 'பெயின்டர்' செல்லாது. அங்கே நம்மைப் பிரித்துக் காட்ட இருப்பது இனிஷியல் ஒன்றுதான், அது போதவே போதாது.

சண்முகம், சுப்பிரமணியன், செல்வராஜ், சேகர் என்று நாலு அப்பாக்கள். தமிழில் ச., சு., செ., சே. என்று தனித்தனியாக நிற்பார்கள். ஆங்கிலத்தில் எழுதியதும் நாலு பிள்ளைகளும் எஸ்.தேவநாதன். பங்காளி வீடுகளில் இன்னும் மோசம். தாத்தா பெயரை அண்ணன் மகனுக்கும் வைப்பார்கள், தம்பி மகனுக்கும் வைப்பார்கள். அப்பாக்கள் கோவிந்தன், கோபால் என்றால் தமிழிலேயே இருவரும் கோ.தேவநாதன். அடுத்தடுத்த உட்பிரிவில் நிலமும் இருக்கும். அதனால் பட்டாவில் 'கோவிந்தன் மகன்' என்று அப்பா பெயர் முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள். வில்லங்கச் சான்று போடும்போது கிராமம், புல எண், உட்பிரிவு மூன்றையும் கொடுத்துத் தேடுங்கள். உட்பிரிவை விட்டால் பக்கத்து நிலத்துப் பத்திரமெல்லாம் சேர்ந்து வரும், அதில் பங்காளி பெயரைப் பார்த்து நம்முடையது என்று நினைத்துவிடுவோம்.

என் கருத்து இதுதான்: அப்பா பெயரை முழுசாக எழுதுங்கள், எல்லாக் காகிதத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலில். பான் கார்டில் எப்படியும் இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும். ஆதாரில் வெறும் 'தேவநாதன் எஸ்' என்று கிடந்தால் இரண்டையும் இணைக்கும்போது பெயர் ஒத்துவராமல் நிற்கும். ஆதாரில் பெயர் திருத்த ஆயுளுக்கு இரண்டே வாய்ப்பு. ஆகவே பத்தாம் வகுப்பு சான்றிதழை முன்னால் வைத்து, எழுத்துக்கூட்டலை முடிவு செய்துவிட்டு, பிறகு இ-சேவை மையத்துக்குப் போங்கள். வளைகுடா போகிறவர்களுக்கு இது இன்னும் அவசரம். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் விசிட் விசாவில் வர முடியாது என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் சொல்லிவிட்டது.

குழந்தை பிறந்த வீடுகளில் வேலை சுலபம். 21 நாளுக்குள் பிறப்பைப் பதிந்துவிட்டு, 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அப்போதே முழுசாக எழுதிவிடுங்கள்.

புதுச்சேரியில் ஒரு சாராருக்கு இந்தத் தொல்லை குறைவு. 1881 பிரெஞ்சு ஆணைப்படி பிரெஞ்சு சிவில் சட்டத்துக்கு மாறியவர்கள் நிரந்தரக் குடும்பப் பெயர் ஒன்றை ஏற்றார்கள், அது இன்றும் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது. மற்றவர்கள் பெயரை மாற்ற அரசிதழ்தான் வழி. பாகூர்ப் பக்கத்தில் எல்லைக்கு இந்தப்புறமும் அந்தப்புறமும் மாறி மாறிக் குடியிருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: புதுச்சேரி அரசிதழ் வேறு, தமிழ்நாடு அரசிதழ் வேறு. உங்கள் முகவரிச் சான்று எந்தப் பக்கத்தைக் காட்டுகிறதோ அங்கே விண்ணப்பியுங்கள்.