டர்போ பாவம்யா

என் தங்கச்சி வீட்டுக்காரருடைய டீசல் வண்டி நீலப் புகை தள்ளியதையும், டர்போதான் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி) காரணம் என்று ஒர்க்ஷாப்பில் சொன்னதையும் முன்பு எழுதியிருந்தேன். மாப்பிள்ளை வண்டி என்ன ஆச்சு என்று நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். டர்போ மாற்றியாச்சு. 52,000 ரூபாய். ஒன்பதாவது நாள் அவிநாசியில் ஒரு சிக்னலில் நாலு நிமிடம் நின்றுவிட்டுக் கிளம்பியிருக்கிறார். பின்னால் நின்ற பைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டும் அளவுக்கு அதே நீலப் புகை. போதுமா?

நீலப் புகை ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்லும்: ஆயில் எரிகிறது. எந்த வழியாக உள்ளே வந்து எரிகிறது என்று அது சொல்லாது. அதை நாம்தான் தேட வேண்டும். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்திருக்கலாம், வால்வு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் சீல் காய்ந்திருக்கலாம், டர்போ கசியலாம், எஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளியேற்றும் பிரீதர் குழாய் அடைத்திருக்கலாம். ஆயிலைக் கூடுதலாக ஊற்றிவிட்டாலும் புகையும். இதில் ஒன்றையாவது சோதித்தார்களா? இல்லை. எஞ்சின் கோளாறைப் படித்துச் சொல்லும் ஸ்கேனரை மாட்டினார்கள், புகையைப் பார்த்தார்கள், டர்போ என்றார்கள். சோதனை முடிந்தது!

நான் அன்றைக்கே சொன்னேன். எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அந்தத் துளை மேலேயே கவிழ்த்து வைத்துப் பாருங்கள் என்றேன். வைத்தார்கள். மூடி தட்டில் விழுந்த காசு மாதிரி டகடகவென்று குதித்தது. லேசாக ஆவி வந்தால் பரவாயில்லை, எல்லா எஞ்சினிலும் வரும். மூடி குதித்தால் அடியில் அழுத்தம் ஏறுகிறது என்று அர்த்தம். நம் மெக்கானிக்குகள் பேக் கம்ப்ரஷன் என்பார்களே, அதுதான். ரிங் போயிருக்க வேண்டும், அல்லது அந்தக் காற்று வெளியேறும் பிரீதர் குழாய் அடைத்திருக்க வேண்டும்.

இதற்கும் டர்போவுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? டர்போவின் ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. அதற்குப் போகும் ஆயில் தானாக வழிந்து சம்ப்புக்கு, அதாவது எஞ்சின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டிக்குத் திரும்ப வேண்டும், இழுக்கப் பம்ப் கிடையாது. சம்ப்பில் அழுத்தம் ஏறிவிட்டால் ஆயில் இறங்க வழியில்லை. அங்கே இருப்பது ரப்பர் சீலும் இல்லை, மெல்லிய உலோக ரிங். ஆயில் அதைத் தாண்டி, டர்போ தள்ளும் காற்றைக் குளிர வைக்கும் இன்டர்கூலருக்குள் போய், அங்கிருந்து எஞ்சினுக்குள் போய் எரியும். தரையில் சாக்கடை அடைத்திருக்கும்போது மேலே புது வாஷ்பேசின் மாட்டினால் தண்ணீர் இறங்குமா?

கழற்றிய டர்போவின் ஷாஃப்டை நானே விரலால் ஆட்டிப் பார்த்தேன். ஆட்டமே இல்லை. பிளேடு எங்கேயும் உரசவில்லை. இதைச் சொன்னதற்குத்தான் மாப்பிள்ளையிடமிருந்து இந்தப் பதில் கிடைத்தது: "மச்சான், இது லாரி இல்ல. உங்கப்பா காலத்து வைத்தியம் இதுக்கு ஆகாது."

சரி. எங்கப்பா லாரி மெக்கானிக்தான். சங்ககிரியில் முப்பது வருடம் லாரிக்கு அடியில் படுத்துக் கிடந்தவர். ஒரு தடவை புகை தள்ளிக்கொண்டு ஒரு வண்டி வந்தது. ஓனர் எஞ்சினை இறக்கி, சிலிண்டரைக் கடைந்து போர் போடச் சொல்கிறார். அப்பா ஸ்பேனரைத் தொடவில்லை. வண்டியை ஐடிலில் விட்டுவிட்டு ஸ்டூலைப் போட்டு சைலன்சருக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார். அப்புறம் எழுந்து போய் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவினார். கிளீனர் பையன் அளவு தெரியாமல் இரண்டு லிட்டர் கூடுதலாக ஊற்றியிருக்கிறான்! ஆயிலை இறக்கிவிட்டு, ஒரு டீக்கு மட்டும் காசு வாங்கினார். எனக்கு அப்போது பதினோரு வயது. அந்த வைத்தியம்தான் இதற்கு ஆகாதாம்.

"நீ பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுபவன், உனக்கென்ன தெரியும்?" என்று சிலர் வருவீர்கள். வாருங்கள். 52,000 வாங்கியவருக்குத் தெரிந்ததைவிட மூடிக்கு அதிகம் தெரிந்திருந்தது. அவ்வளவுதான்.

"டர்போ போவதே இல்லையா?" போகும். ஆயிலை நேரத்துக்கு மாற்றாவிட்டால், நெடுஞ்சாலையில் விரட்டி வந்து அடுத்த நொடி சாவியைத் திருப்பி அணைத்தால், கட்டாயம் போகும். கசியும் டீசல் டர்போவை அப்படியே விடுவதும் ஆபத்து. எஞ்சின் அந்த ஆயிலையே குடித்து, சாவியை அணைத்தாலும் நிற்காமல் அலறும். ஆகவே மாற்றாதே என்று நான் சொல்லவில்லை. மாற்றுவதற்கு முன் ஏன் கசிகிறது என்று பார் என்கிறேன். இதற்குக்கூடக் கோபம் வருகிறது சிலருக்கு.

எல்லா மெக்கானிக்கும் திருடர் என்றும் நான் சொல்லவில்லை. இப்போது கண்டுபிடித்தவரும் மெக்கானிக்தான். அரை மணி நேரம். பிரீதர் குழாயைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார், மறுபக்கம் தெரியவில்லை. உள்ளே கறுப்பு அல்வா. குழாயும் கூலியும் சேர்த்து 1,800.

எனக்கு வருத்தம் பணத்தில் இல்லை, பணம் அவருடையது. வீட்டில் ஒருத்தன் அக்கறையோடு சொன்னால் அது வாய். வெளியாள் ஸ்கேனரோடு சொன்னால் அது வாக்கு. தங்கச்சிகூட "அண்ணா, விடுங்க" என்றுதான் சொன்னாள். விட்டேன்.

மாப்பிள்ளை, இதை நீங்கள் படிப்பீர்கள் என்று தெரியும். இன்டர்கூலரைக் கழற்றிக் கழுவச் சொல்லுங்கள். உள்ளே தேங்கிய பழைய ஆயில் தீரும்வரை இன்னும் கொஞ்ச நாள் நீலமாகத்தான் வரும். அதைப் பார்த்து இன்னொரு டர்போ வாங்கிவிடாதீங்க.