எண்ணூர்க் கழிமுகமும் என் பெரியப்பாவின் கேள்வியும்

சென்ற மாதம் உறவினர் வீட்டு நிச்சயதார்த்தப் பந்தியில், எண்ணூரில் வரவிருக்கும் 660 மெகாவாட் அனல்மின் நிலைய விரிவாக்கத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தது. 2024 டிசம்பரில் அதற்காக நடந்த மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் எழுந்த எதிர்ப்பு நியாயமானதே என்று நான் சொன்னேன். என் பெரியப்பா, சோற்றில் அணை கட்டி ரசத்தை நிறுத்தியபடியே, "அங்க காப்பாத்துறதுக்கு இனிமே என்னடா இருக்கு? அதான் எல்லாம் கெட்டுப் போச்சே" என்றார். பந்தியில் இருந்தவர்களில் பெரும்பாலோர் அதை ஆமோதித்தார்கள். அப்போது என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். என் தந்தை வடசென்னையில் அனல்மின் நிலையம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டு அடுப்பு எரிந்ததும், நானும் தங்கையும் படித்ததும் நிலக்கரி தந்த சம்பளத்தில்தான். ஆகவே மின்சாரமே வேண்டாம் என்று சொல்லும் தகுதியும் எனக்கில்லை, விருப்பமும் இல்லை. ஓர் ஆற்றின் வாயை அடைத்துத்தான் அந்த மின்சாரத்தைப் பெற்றாக வேண்டுமா என்பது மட்டுமே என் கேள்வி.

சென்னையின் ஆறுகள் என்றால் பலருக்கும் கூவமும் அடையாறுமே நினைவுக்கு வருகின்றன. மூன்றிலும் பெரியதான கொசஸ்தலை ஆறு, பூண்டி நீர்த்தேக்கத்தைக் கடந்து, தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளைத் தாண்டி எண்ணூரில் கடலைச் சேர்கிறது. புழல் ஏரியின் உபரிநீரும் சடையங்குப்பம் அருகே இதில்தான் வந்து கலக்கிறது. வடக்கே பழவேற்காடு ஏரியோடும் தெற்கே நகரத்தோடும் பக்கிங்காம் கால்வாய் இதை இணைக்கிறது. இத்தனை நீரும் கூடிக் கடலைப் பார்க்கும் இடம்தான் எண்ணூர்க் கழிமுகம். ஆற்று நீரும் கடல் நீரும் மாறிமாறி ஏறி இறங்கும் அந்தச் சேற்றுப் பரப்பில் அலையாத்தி மரங்கள் வளர்கின்றன. அவற்றின் வேர்களுக்கிடையே இறால், நண்டு, மடவைக் குஞ்சுகள் வளர்கின்றன. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைவீதிக்குப்பம் போன்ற ஊர்களின் மீனவர்கள் இந்த நீரை நம்பித் தலைமுறைகளாக வாழ்ந்திருக்கிறார்கள். படகோ பெருவலையோ இல்லாத இருளர்கள் இடுப்பளவு நீரில் இறங்கி, பிடித்ததைப் போடும் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைத் துழாவிக் கையாலேயே இறால் பிடிப்பார்கள். கால்பட்ட இடத்தில் சேறு இல்லாமல் சாம்பல் இருந்தால் அந்தத் தொழில் என்னவாகும் என்பதை விளக்கத் தேவையில்லை.

சாம்பல் எப்படி வந்தது? 1970இல் 450 மெகாவாட் திறன் கொண்ட எண்ணூர் அனல்மின் நிலையம் தொடங்கப்பட்டது. அது 2017இல் மூடப்பட்டது. 1994 முதல் அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம் அலகு அலகாக வளர்ந்தது. பக்கத்தில் வல்லூரில் 1,500 மெகாவாட். 2024 மார்ச்சில் வடசென்னையின் மூன்றாம் நிலையாக மேலும் 800 மெகாவாட். இந்திய நிலக்கரியில் சாம்பல் அதிகம். எரித்து மிஞ்சியதை நீரில் கரைத்துக் குழாய் வழியே சாம்பல் குட்டைக்கு அனுப்புகிறார்கள். அந்தக் குழாய்கள் ஆற்றுப் பகுதியைக் கடந்துதான் செல்கின்றன. அவை உடைந்தபோதெல்லாம், கசிந்தபோதெல்லாம் சாம்பல் குழம்பு ஆற்றில் இறங்கிப் படுகையில் படிந்தது. செப்பாக்கம் என்ற சிற்றூர் சாம்பல் குட்டையின் ஓரத்தில் இன்றும் இருக்கிறது. காற்றடித்தால் அவ்வூர் மக்களின் தட்டிலும் சாம்பல் விழும்.

பெரியப்பா இதைக் கேட்டால் "நானும் அதைத்தானே சொன்னேன்" என்பார். ஆனால் கழிமுகம் தானாகக் கெட்டுப்போகவில்லை. கெடுவதற்கு வசதியாக அது முதலில் காகிதத்திலிருந்து நீக்கப்பட்டது. 1991ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையின் கீழ், 1996இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த வரைபடத்தில் கழிமுகத்தின் ஏறத்தாழ 6,500 ஏக்கர் நீர்ப்பரப்பு, கட்டுமானம் எதுவும் கூடாத பகுதியாகத் தெளிவாகக் குறிக்கப்பட்டுள்ளது. பின்னர் 2009ஆம் ஆண்டின் வரைபடம் என்று ஒன்று மாநிலத் தரப்பிலிருந்து வெளிவந்தது. அதில் கழிமுகத்தைக் காணவில்லை; வடிவேலு தொலைத்த கிணற்றைப் போல ஓர் ஆற்றின் வாயே தொலைந்திருந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கப்பட்டபோது, தாம் ஒப்புதல் அளித்தது 1996ஆம் ஆண்டின் வரைபடத்துக்கு மட்டுமே என்று மத்திய அமைச்சகம் பதிலளித்தது. இடைப்பட்ட காலத்தில் ஆயிரம் ஏக்கருக்கும் மேலான நீர்ப்பரப்பு, துறைமுகத்துக்கும் நிலக்கரிக் கிடங்குக்கும் சாம்பலுக்கும் போய்விட்டிருந்தது. வயலை ஆக்கிரமித்தால் பட்டாவைக் காட்டி வழக்குப் போடலாம். அலை ஏறி இறங்கும் சேற்றுக்குப் பட்டா இல்லை. புறம்போக்கு என்ற ஒரே சொல்லில் அதை யாருக்கும் சொந்தமில்லாததாக ஆக்கிவிடுகிறோம். ஊர்ப் பொதுவுக்கென விடப்பட்ட நிலத்தைக் குறித்த சொல் இன்று வசைச்சொல்லாகிப் போனதும் தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

கெட்ட இடத்தில் மேலும் கெடுவதற்கு ஒன்றுமில்லை என்பதும் தவறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே இறங்கிக் கழிமுகம் முழுவதும் பரவியது. கூழைக்கடாக்கள் கறுத்துப் போய் நின்றன. படகும் வலையும் பிசுபிசுத்தன. அரசு எந்திரங்கள் வந்து சேருமுன் மீனவர்களே வாளியும் குவளையும் கொண்டு எண்ணெயை அள்ளினார்கள். பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாயும் படகுக்கு 10,000 ரூபாயும் நிவாரணமாக அறிவிக்கப்பட்டன. அதற்கும் முன்பிருந்தே, தென் அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு சிப்பி இனம் இங்கே படுகையைப் பாய்போல மூடிக்கொண்டு வருகிறது. மீனவர்கள் அதைக் காக்கா ஆழி என்கிறார்கள். கப்பல்கள் சமநிலைக்காக ஏற்றிவந்து கொட்டும் நீரில் அது வந்திருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர்களின் கருத்து. அது படர்ந்த இடத்தில் இறால் புதைவதற்கு மண் கிடைப்பதில்லை. கைவிட்டுத் தேடுபவரின் விரலையும் அது கிழிக்கிறது. ஆக, இழப்பதற்கு அங்கே ஏதோ இருந்துகொண்டுதான் இருக்கிறது. இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் இழந்தவர்கள் எங்கிருந்து வருகிறார்கள்?

இதன் வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கருக்கு விரிவாக்கும் திட்டமும் இன்னும் முற்றாகக் கைவிடப்படவில்லை. 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் அறிவிக்கப்பட்டுத் தள்ளிவைக்கப்பட்டன. காட்டுப்பள்ளி, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் உப்பங்கழியுமாக இருக்கும் ஒடுங்கிய மணல்திட்டு; புயலின் வேகத்தை முதலில் வாங்கிக்கொள்வது அதுதான்.

தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது நானும் மகிழ்ந்தேன். அந்த நிலமும் குப்பையும் கட்டடங்களும் தின்றது போக எஞ்சியதுதான். அதையும் கெட்டுப்போன இடம் என்று கைகழுவியிருக்கலாம், கழுவவில்லை. எண்ணூர் விஷயத்தில் மட்டும் வேறு அளவுகோல் ஏன் என்று கேட்டால், வடசென்னை என்ற பெயரைக் கேட்டவுடன் பலருக்கும் முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். அதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை.

என் கோரிக்கை பெரிதல்ல. 1996ஆம் ஆண்டின் வரைபடத்தை அடிப்படையாக வைத்துக் கழிமுகத்தின் எல்லையைக் கல் நட்டு அளந்து, மாவட்ட ஆவணங்களில் அப்படியே பதிய வேண்டும். படுகையில் கிடக்கும் சாம்பலை அள்ளியெடுக்கும் வேலையை முடித்துக் காட்டும்வரை புதிதாக ஒரு மெகாவாட்டுக்கும் அங்கே அனுமதி தரக்கூடாது. மூடப்பட்ட பழைய நிலையத்தின் இடத்தில்தானே கட்டுகிறோம் என்பவர்கள், அந்தப் பழைய நிலையம் விட்டுச்சென்றதை யார் அள்ளினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

பெரியப்பாவின் வீடு மணலி புதுநகரில் இருக்கிறது. 2015இலும் 2021இலும் 2023இலும் அவருடைய தரைத்தளத்தில் தண்ணீர் புகுந்தது. 2021இல் பெரியம்மாவின் தையல் இயந்திரத்தை நானும் அண்ணனும்தான் மாடிக்குத் தூக்கிப் போனோம். பூண்டி நிரம்பித் திறக்கப்படும் ஒவ்வொரு முறையும் அவருக்கு இரவில் தூக்கம் வருவதில்லை. எத்தனை ஆயிரம் கனஅடி என்று தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டே இருப்பார். அந்தத் தண்ணீர் அவர் தெருவைத் தாண்டிக் கடலுக்குப் போவதற்கு இருக்கும் வழி, இனி என்ன இருக்கிறது என்று அவர் பந்தியில் கேட்ட அந்தக் கழிமுகம்தான். இந்தப் பதிவை அச்செடுத்து, வரும் ஞாயிற்றுக்கிழமை நேரில் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். அவர் முகநூலில் இல்லை.