மாத்திரைக்கும் ஒரு கணக்கு உண்டு

ஒற்றைத் தலைவலி பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை, வலி தொடங்கியதுமே மாத்திரை போட வேண்டும் என்று சொல்வது சரி. மாதத்தில் எத்தனை நாள் போடலாம் என்பதையும் தயவுசெய்து சேருங்கள். பாராசிட்டமால் மட்டும் என்றால் 15 நாளுக்குக் குறைவாக, பல வலி மருந்துகள் சேர்ந்த கலவை மாத்திரையோ, ஒற்றைத் தலைவலிக்கான டிரிப்டான் வகை மாத்திரையோ என்றால் 10 நாளுக்குக் குறைவாக. 3 மாதத்துக்கு மேல் இந்த அளவை எட்டிக்கொண்டே இருந்தால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரலாம். எங்கள் கம்பம் ஊரிலிருந்து குமுளிப் பக்கத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு விடியற்காலையில் ஜீப் ஏறும் பெண்களுக்கு இது அவசியம் தெரிய வேண்டும். அரைத் தூக்கம், வெறும் வயிறு, வெயில் எல்லாமே வலியைத் தூண்டக்கூடியவை. கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைதான் பலருக்கு வைத்தியம். அடிக்கடி வந்தால் புரோப்ரனலால் போன்ற தடுப்பு மருந்துகள் இருக்கின்றன. ஆஸ்துமா உள்ளவர்களுக்குப் புரோப்ரனலால் ஆகாது, டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அப்புறம், இதுவரை இல்லாத கடுமையோடு திடீரென்று வலித்தாலோ, ஒரு பக்கக் கை கால் வலுவிழந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.